அடிபட்ட எம்எக்ஸ்-5: கடையில் விடுவதா, நாமே கை வைப்பதா?

பிரிட்டனில் இருபது வயது தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். லேசாக ஒரு அடி பட்டாலும் போதும், இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியை ரைட் ஆஃப், அதாவது சரிசெய்வது கட்டுபடியாகாத வண்டி, என்று எழுதிவிடுவார்கள். என்னுடையது மஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 1998 முதல் 2005 வரை வந்த மாடல். பக்கத்துத் தெருவிலிருந்து பார்க்காமல் வெளியே வந்த ஒரு வேன் இடது முன்மூலையில் இடித்தது. பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, ரேடியேட்டர் எல்லாம் போச்சு, பானெட்டின் ஓரமும் மடங்கியது. ஏர்பேக் வெடிக்கவில்லை, யாருக்கும் காயமில்லை. ஆனால் புதுப் பாகம், கடை லேபர், பெயிண்ட் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் வண்டியின் சந்தை விலையில் பாதியைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் கம்பெனிக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

அப்புறம் நமக்கு மூன்று வழி. பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியை அவர்களிடமே விட்டுவிடலாம். இல்லையென்றால் ஏலத்தில் அந்த வண்டிக்கு என்ன வருமோ அந்தத் தொகையை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்லி வண்டியை நாமே வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் பாடி ஷாப்பில் கொடுப்பது ஒன்று, வீட்டு கராஜில் நாமே பார்ப்பது இன்னொன்று. நான் நாமே பார்க்கும் வழியில் போனேன், இதே நிலையில் இருக்கும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை உண்டு, இந்த அலசலில் பாதி அதைப் பற்றித்தான்.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வண்டி மேல் பெரிய பற்று இல்லை, இடம் இல்லை, நேரம் இல்லை என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். அவர்கள் முதலில் சொல்லும் தொகையை அப்படியே ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அதே வருடம், அதே மைலேஜ் ஓடிய வண்டிகள் என்ன விலைக்கு விற்பனையில் இருக்கின்றன என்று விளம்பரங்களை எடுத்து அனுப்பினால் தொகை ஏறும் வாய்ப்பு உண்டு. எனக்கு ஏறியது.

வண்டியை வைத்துக்கொள்வதானால் வகையைப் பார்க்க வேண்டும். 2017 அக்டோபரிலிருந்து பிரிட்டனில் ஏ, பி, எஸ், என் (A, B, S, N) என்று நான்கு வகை. ஏ, பி இரண்டும் ரோட்டுக்குத் திரும்பவே முடியாதவை. எஸ் என்றால் வண்டியின் கட்டமைப்பில் அடி, என் என்றால் கட்டமைப்பில் அடி இல்லை. எஸ் வண்டியை வைத்துக்கொள்ள அதன் பதிவுப் புத்தகமான லாக் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, வண்டிகளைப் பதியும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏ-விடம் மாற்றுப் புத்தகம் வாங்க வேண்டும், அந்தப் புத்தகத்திலேயே எஸ் என்று ஏறிவிடும். ‘என்’ வகை வண்டிக்கு அந்த வேலை இல்லை. என்னுடையது ‘என்’ என்று வந்தது.

அதை வைத்து நிம்மதியாகிவிடக் கூடாது. பல நேரங்களில் இந்த வகையை நாம் அனுப்பும் படங்களைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். பம்பருக்குப் பின்னால் இருப்பது படத்தில் தெரியாது. ‘என்’ என்று எழுதியிருப்பது ஒருவருடைய கணிப்பு, யாரும் டேப் பிடித்து அளந்து சொன்னதல்ல.

இங்கேதான் நான் சொன்ன நிபந்தனை வருகிறது. அடி எங்கே போய் நின்றது? போல்ட் போட்ட பாகத்தோடு நின்றதா, வெல்டு போட்ட பாகத்துக்குள் போய்விட்டதா? செலவு, நேரம், கருவி, மறுவிற்பனை எல்லாம் இதற்குப் பிறகுதான். பம்பர், மட்கார்டு, பானெட், ஹெட்லைட், ரேடியேட்டர், சக்கரத்தைப் பிடித்து நிற்கும் விஷ்போன் என்ற கை, அதைத் தாங்கும் சப்ஃபிரேம் என்ற இரும்புச் சட்டம் வரைக்கும் இந்த வண்டியில் எல்லாமே போல்ட்டில் நிற்பவை. எது வளைந்திருந்தாலும் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். ஆனால் எஞ்சினுக்கு இரு பக்கமும் முன்னோக்கி நீளும் சேசிஸ் ரெயில் பாடியோடு வெல்டு ஆனது. அது கொஞ்சம் திரும்பியிருந்தாலும், நீங்கள் மாட்டும் புதுப் பாகம் அத்தனையும் கோணலான அஸ்திவாரத்தில்தான் உட்காரும்.

அதிலும் இந்த இரண்டாம் தலைமுறை வண்டியில் முன் ரெயில்தான் பேர்போன பலவீனம். உள்ளே கூடுதலாக வைத்த தகடுகளுக்கு நடுவில் ஈரமும் குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பும் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும், ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் உள்ளே போய்விடும். நல்ல இரும்பாக இருந்தால் ரெயில் எங்கே மடங்க வேண்டுமென்று வடிவமைத்தார்களோ அங்கே மடங்கும். அரித்த ரெயில் அரித்த இடத்தில் மடங்கும். ஆகவே அடி சின்னதாகத் தெரிகிறது என்பதால் ரெயில் தப்பித்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வருடாந்திரத் தகுதிச் சோதனையான எம்ஓடியிலும் இதற்கு விலக்கு கிடையாது. சஸ்பென்ஷன் மவுண்டிலிருந்து 30 செ.மீ.க்குள் தாங்கும் இரும்பு மோசமாக அரித்திருந்தால் ஃபெயில்தான். ஒட்டுத்தகடு வைத்தால் சுற்றிலும் தொடர் வெல்டாக இருக்க வேண்டும்.

சரி, வீட்டில் எப்படி அளப்பது? கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடித்து மூலைக்கு மூலை அளந்து பார்ப்பாரே, அதே வேலைதான். வண்டியைச் சமதரையில் ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் கீழே போகாதீர்கள். ரெயிலில் ஃபேக்டரியிலேயே போட்ட துளைகள் இரு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கும். ஒவ்வொரு துளையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸில் ஒரு புள்ளி. வண்டியைத் தள்ளிவிட்டால் தரையில் வண்டியின் வரைபடமே இருக்கும். இடது முன்புள்ளியிலிருந்து வலது பின்புள்ளிக்கு ஒரு அளவு, வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கு இன்னொரு அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பாடிக் கடைகளில் பொதுவாக 3 மி.மீ. வரை வித்தியாசத்தை ஏற்பார்கள். வீட்டுத் தரையில் டேப் பிடித்து அந்தத் துல்லியம் கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கும், ஆனால் ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுத்து, அதே எண் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். ஒர்க்‌ஷாப் மேனுவலில் இந்தப் புள்ளிகளுக்கு இடையேயான தூரங்கள் கொடுத்திருக்கிறார்கள், அதோடும் ஒப்பிட்டுவிடுங்கள்.

டேப்பை விட்டால் இன்னொரு சாட்சி நான்கு சக்கர அலைன்மென்ட் பிரிண்ட். இதில் எல்லாரும் கேம்பரையும் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம்) டோவையும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது எஸ்ஏஐ என்ற கோணம். ஸ்டீயரிங் திரும்பும் அச்சு எவ்வளவு உள்ளே சாய்ந்திருக்கிறது என்பது அது. இந்த வண்டியில் கேம்பரையும், அந்த அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணமான கேஸ்டரையும், கீழ் விஷ்போனில் உள்ள கேம் போல்ட்டால் (சுற்றினால் விஷ்போன் நகரும் போல்ட்டு) திருத்தலாம். எஸ்ஏஐயை மட்டும் தனியாகத் திருத்த எந்த போல்ட்டும் கிடையாது. இடமும் வலமும் கேம்பர் ஒத்துப்போய் இது மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் விஷ்போனை மாற்றிப் பாருங்கள். அப்படியும் வித்தியாசம் வந்தால் சப்ஃபிரேமைச் சந்தேகப்படுங்கள். அதையும் மாற்றிய பிறகு வந்தால் ரெயில்தான், அத்தோடு நம் வேலை முடிந்தது.

ரெயில் வளைந்திருந்தால் கடைதான், வாதமே இல்லை. ஜிக் என்ற இரும்புச் சட்டத்தில் பூட்டி இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் அளந்து பார்க்கும் வசதி வீட்டில் யாரிடமும் கிடையாது. மரத்தில் செயின் கட்டி வண்டியை ரிவர்ஸில் இழுக்கும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அப்படி நேராக்கிய வண்டியில் இன்னொருவர் பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறார்.

எனக்கு ரெயில் நேராக இருந்தது. அதன் பிறகு கடையில் கொடுப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. கடையில் வாங்கிய எஸ்டிமேட்டில் பெரும்பகுதி லேபரும் புதுப் பாகமும்தான். நாம் செய்தால் லேபர் இல்லை. புதுப் பாகமும் தேவையில்லை, ஏனென்றால் எம்எக்ஸ்-5க்கு மட்டுமே என்று காயலான் கடைகள் இங்கே இருக்கின்றன. 2016 ஏப்ரலில் மஸ்டா இந்தக் காரின் பத்து லட்சமாவது வண்டியைத் தயாரித்தது. அதனால்தான் பாகம் இவ்வளவு கிடைக்கிறது. அடிபட்டது ஒரு அரிய இத்தாலிய கார் என்றால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்.

வேலை கஷ்டமா? மட்கார்டைக் கழற்றுவது கஷ்டமில்லை. பத்து நம்பர் சாக்கெட்டும் பொறுமையும் போதும். பானெட்டுக்கு அடியில் உள்ள மேல்வரிசை போல்ட்டுகள் சுலபமாக வந்துவிடும். சக்கரத்துக்குப் பின்னால், சில்லோடு (கதவுக்குக் கீழே நீளும் பாடிப் பகுதி) சேரும் கீழ் போல்ட்டுதான் தலை அறுந்து கையோடு வரும். முந்தின நாளே துருவை இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள், வராவிட்டால் சூடு காட்டுங்கள். மட்கார்டு வெளியே வந்ததும் அதன் பின்மூலையில் இருபது வருட மண் ஈரத்தோடு கெட்டியாக அப்பியிருப்பதைப் பார்ப்பீர்கள். சுரண்டி எடுத்தால்தான் அதற்கு அடியில் சில் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியும். என்னுடையதில் மேல்பூச்சு மட்டும் பொரிந்திருந்தது. தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, மெழுகு ஊற்றினேன். கடையில் கொடுத்திருந்தால் பழைய மட்கார்டு இருந்த இடத்தில் புதுசு ஏறியிருக்கும், அந்த மண் அங்கேயே இருந்திருக்கும். இன்சூரன்ஸ் எஸ்டிமேட்டில் மண் சுரண்டுவதைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டார்களே. நாமே பார்ப்பதன் உண்மையான லாபம் என்று நான் நினைப்பது இதைத்தான். மிச்சப்பட்ட பணம் இரண்டாம் பட்சம்.

உண்மையில் உயிரை வாங்குவது கேம் போல்ட்டுதான். விஷ்போன் முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டு சுற்றும், போல்ட்டு அசையாது. அடித்தால் மரை கெடும். கடைசியில் புஷ்ஷின் இரு பக்கமும் ரம்பம் விட்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். விஷ்போன் எடுப்பதாக இருந்தால் புது கேம் போல்ட்டுகளை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

பெயிண்டில் மட்டும் நான் கடைப் பக்கம். ஆனால் வண்டியைக் கொடுக்க வேண்டாம், பேனல்களைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் வரை நாமே செய்துவிட்டால் கடைக்காரருக்குப் பாதி வேலை மிச்சம், நமக்குப் பாதிக் காசு மிச்சம். மேல்கோட்டை வீட்டில் அடிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் பளபளப்பு இல்லை. இரண்டு திரவம் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது, ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க இருக்கலாம். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும், சாதாரண ஃபில்டர் மாஸ்க்கை நம்ப முடியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டை ஒட்டிய கராஜில் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. என்னுடையது வெறும் சிவப்பு என்பதால் நிறம் பொருந்துவது எளிதாக இருந்தது. வெயிலில் வெளுத்த பழைய கதவுக்குப் பக்கத்தில் புதிதாகப் பெயிண்ட் அடித்த மட்கார்டு கொஞ்சம் தூக்கலாகத்தான் தெரிகிறது, பாலிஷ் போட்டதில் ஓரளவு சமமானது.

மறுவிற்பனை பற்றி எல்லாரும் கேட்பார்கள். கேட்டகரி என் என்ற முத்திரை பதிவேட்டில் நிரந்தரம். டீலர் சரிசெய்தாலும் நாம் சரிசெய்தாலும் அது போகாது, வாங்குபவர் சோதித்தால் வந்துவிடும், விலையும் இறங்கும். அந்த இறக்கத்தைக் கடை பில் ஈடுகட்டாது என்பதால் கடைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் விற்கும்போது திரும்பி வராது. நான் இன்னும் விற்கவில்லை, ஆகவே எவ்வளவு இறங்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. அளவெடுத்த படங்கள், அலைன்மென்ட் பிரிண்ட், பாகம் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது முத்திரையைச் சொல்லியே ஆக வேண்டும். சில கம்பெனிகள் மாட்டேன் என்கின்றன, ஆகவே வண்டியைத் திரும்ப எடுப்பதற்கு முன்பே நாலு இடத்தில் விசாரித்துவிடுங்கள்.

ஏர்பேக் வெடித்த வண்டியை நான் தொட்டதில்லை. பை மட்டுமல்ல, பெல்ட், கன்ட்ரோல் பெட்டி என்று அது நீண்டுகொண்டே போகும் வேலை, கடையில் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். 2015 முதல் வந்த நான்காம் தலைமுறையிலும் எனக்கு அனுபவம் குறைவு. அதில் முன் மட்கார்டு அலுமினியம், டிங்கரிங் முறையே வேறு. பாதசாரி மேல் மோதினால் வெடிமருந்தால் பானெட்டைத் தூக்கிவிடும் அமைப்பும் இங்கே விற்கும் வண்டிகளில் உண்டு, முன்பம்பரில் பட்ட அடியில் அது வேலை செய்துவிட்டால் செலவு சட்டென்று எகிறும். அதன் பிரபலமான சிவப்பு, பல அடுக்காக அடிப்பது, நல்ல கடைக்காரரே பக்கத்துப் பேனலுக்கு நிறத்தை இழுத்துச் சேர்க்க நேரம் கேட்பார். அந்த மாடலில் பானெட் தூக்கிய நிலையில் ஒரு வண்டி உங்களிடம் இருந்தால், அந்த அமைப்பின் பாகங்களுக்கு டீலரிடம் விலை வாங்கிய பிறகு கம்பெனிக்குப் பதில் சொல்லுங்கள்.