அட்டெனுவேட்டரும் பக்கத்துத் தறிக்குடோனும்: மூன்று வருஷத்து அனுபவம்

கோபியில் இருக்கும் மாப்பிள்ளை நேற்று போன் பண்ணி, "நீ வெச்சிருக்கற அட்டெனுவேட்டர் வெல எறங்கியிருக்குது, எடுத்துப் போடட்டுமா?" என்று கேட்டான். கிட்டார் ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று சத்தத்தை மட்டும் குறைக்கும் பெட்டி அது. அன்று காலையில்தான் ஒரு நல்ல டேக், அதாவது ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்தது, வீணாகியிருந்தது. அந்த எரிச்சலில் "வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று வருஷம் உழைத்த பெட்டிக்கு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னது ராத்திரி முழுக்க உறுத்தியது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது இரண்டு இஎல்34 வால்வு போட்ட 50 வாட் ஹெட், அதாவது ஸ்பீக்கர் தனியாக இருக்கும் கிட்டார் ஆம்ப். கடைசிச் சத்தத்தை மட்டும் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் கிடையாது. எனக்குப் பிடித்த அந்த உறுமல் வால்யூம் 7-ஐத் தொட்டால்தான் வரும். சோமனூரில் எங்களுடையது ஓட்டு வீடு. பெட்டி வாங்குவதற்கு முன் அந்த அளவில் ஒருநாள் வாசித்தபோது அம்மிச்சி திண்ணையிலிருந்து எழுந்து வந்து, "ஏஞ்சாமி, ஓடு பிரிஞ்சு உளுந்துருமாட்ட இருக்குதே" என்றார்.

வாட்டைப் பாதியாக்கினால் சத்தமும் பாதியாகிவிடும் என்று நினைத்து வாங்காதீர்கள். பாதியாக்கினால் குறைவது 3 டெசிபல்தான். காதுக்குப் பாதியாகத் தெரிய 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது சக்தி பத்தில் ஒரு பங்காக வேண்டும். 20 டெசிபல் குறைத்து அரை வாட்டுக்குக் கொண்டுவந்தாலும், 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 98 டெசிபல் தரும் ஸ்பீக்கரிலிருந்து 95 டெசிபல் வந்துகொண்டிருக்கும். நான் 28-இல் வைத்திருக்கிறேன். அப்போது 87. அம்மிச்சி இப்போது எழுந்து வருவதில்லை.

அந்த அளவிலும் ஆம்ப் கைக்கு அடங்குகிறது. கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் ஒலி தெளிகிறது, அழுத்தி மீட்டினால் கிழிகிறது. மூன்று வருஷம் கழித்தும் இது எனக்கு அலுக்கவில்லை. நேரில் கேட்க ஒலி மங்கலாகத்தான் இருக்கும். சத்தம் குறையும்போது காது அடித்தட்டு ஒலியையும் உச்ச ஒலியையும் சரியாகப் பிடிப்பதில்லை, ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோன் போதிய அளவு அசையாததும் சேர்ந்துகொள்ளும். பதிவு செய்ததைச் சத்தமாகப் போட்டுக் கேட்டால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். அதைக் கேட்காமல் டோன் குமிழைத் திருகவே கூடாது.

என் பிரச்சினை தறி. சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் தறிக்குடோன். முன்பு முழுச் சத்தத்தில் பதிவு செய்த நாட்களில் தறி ஓடியது ஒரு டேக்கில்கூடக் கேட்கவில்லை, ஆம்ப் அதை மூடிவிட்டது. இப்போது ஸ்பீக்கரில் 28 டெசிபல் குறைத்தேன் என்றால், எஸ்எம்57 மைக்கின் கெயினை, அதாவது அதன் ஒலியைப் பெருக்கும் அளவை, அதே 28 டெசிபல் கூட்டியாக வேண்டும். கெயினோடு தறியும் 28 டெசிபல் கூடுகிறது. தறியின் நாடா அங்கும் இங்கும் அடிபடும் ஒவ்வொரு தட்டும் தெளிவாக விழுகிறது. திருப்பூரிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வாங்கி வந்து ஸ்பீக்கர் கேபினெட்டைச் சுற்றி அடுக்கினேன். தரை வழியாக வந்த அதிர்வு குறைந்தது. கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்குக் கீழே வெட்டியும் பார்த்தேன். 'தொம்' போனது, 'டக்' போகவில்லை.

மைக் வைக்காமல் பெட்டியின் லைன் அவுட்டில் நேராக எடுத்து, கேபினெட் ஒலியைக் கணினியில் சேர்த்தால் தறி வராதுதான். அவசரத்துக்குச் செய்கிறேன். ஆனால் கோன் தள்ளும் காற்று மைக்கில் வந்து விழும் அந்த ஒலிக்காகத்தான் இவ்வளவு கனத்தை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

போன மாசம் ஒரு வால்வின் உள்ளே இருக்கும் பிளேட் சூடேறிச் சிவந்துவிட்டது. கோவையில் அந்தக் காலத்து வால்வு ரேடியோ பார்த்த பெரியவரிடம் கொண்டுபோனேன். புது ஜோடி போட்டு, 450 வோல்ட்டுக்கு 38 மில்லி ஆம்பியரில் பயஸ், அதாவது வாசிக்காதபோது வால்வில் ஓடும் மின்னோட்டம், வைத்துக் கொடுத்தார். தினமும் நாலு மணி நேரம் 7-இல் வைத்து வாசிப்பதைச் சொன்னதும், "சத்தந்தானுங்க கம்மி, வால்வுக்கு வேல கம்மியில்லீங்களே" என்றார். அதைப் பெட்டியின் குறையாக நான் எழுத மாட்டேன். வாங்குகிறவர்கள் வால்வுச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும், கிட்டார் கேபிள் போடவே கூடாது. இரண்டின் ஓம் அளவையும் பொருத்துங்கள். தவறினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

நேற்றுக் காலை ஷிஃப்ட் மாறும் இடைவெளியில் மைக் வைத்தேன். நாலு நிமிஷம் ஒரு பிசகும் இல்லாமல் வந்தது. கடைசியாக மீட்டிய கார்டு தேய்ந்து அடங்கும்போது முதல் தறி ஓட ஆரம்பித்தது, அதைத் தொடர்ந்து மற்றவையும். எதை வைத்தும் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை.

மாப்பிள்ளை, உன் வீட்டைச் சுற்றி நெல் வயலும் வாய்க்காலும்தான், தறி இல்லை. உனக்கு இது பொருந்தும் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் இன்றைக்கு என் வாயில் "வாங்கு" என்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அன்றைக்குக் குடோன் லீவு.