பெயர்ப்பலகை இல்லாத பழைய புத்தகக் கடையும் மெட்ராஸ் வந்த மார்மன் முன்னோடியும்

புதுச்சேரியில் பழைய புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் எல்லோரும் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டைத்தான் கைகாட்டுவார்கள். அங்கே பெரும்பாலும் கைடு, போட்டித் தேர்வுப் புத்தகம், அட்டை போன ஆங்கில நாவல் இவைதான். நான் சொல்ல வந்த கடை பாரதி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் கட்டுக்கட்டாக நியூஸ் பேப்பர் அடுக்கியிருக்கும், எடைக்கடை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவீர்கள். ஆசிரமத்துக்கும் ஆரோவிலுக்கும் வந்து வருஷக்கணக்கில் தங்கிவிட்டு ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போகிற புத்தகங்கள் மூட்டையாக இங்கே வந்து சேர்வதால், கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிறவனுக்கும் பஸ் காசு வீணாகாது.

இந்த முறை கையில் சிக்கியது ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மார்மன் முன்னோடியின் வாழ்க்கை வரலாறு. மார்மன் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபை. துணி அட்டை, நல்ல கனம். தலைப்புப் பக்கம் கிழிந்துபோயிருந்தது, யார் எழுதியது, எந்த வருஷம் போட்டது எதுவும் தெரியாது. கீழ் மூலையில் இராமபாணப் பூச்சி அறுபது எழுபது பக்கத்துக்கு ஒரே நேராகத் துளை போட்டிருந்தது, நல்லவேளை எழுத்தைத் தொடவில்லை. கடைக்காரர் முந்நூறு சொன்னார், கிழிசலைக் காட்டினேன், "சரி சார், நூத்தம்பது குடுங்க, இதக் கேட்டு வேற யாரு வரப்போறா" என்றார். உண்மைதான், நானும் கேட்டு வரவில்லை. பின்னாலிருந்த சொல்லடைவில் மெட்ராஸ் என்று கண்ணில் பட்டது, அதற்காக எடுத்தேன்.

ஆள் சாதாரண ஆளில்லை. 1817-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், ரொட்டிக்கடை வைத்திருந்தவர், பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையில் மூப்பர். 1842-ல் மார்மன் சபையில் சேர்ந்து அடுத்த வருஷமே குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பிக் கரையில் அந்தச் சபையார் கட்டிய நாவூ என்ற ஊருக்குப் போய்விடுகிறார். போன மறு வருஷம், 1844 ஜூனில், சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தைக் கார்த்தேஜ் சிறைக்குள் புகுந்து ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. 1846-ல் மார்மன்கள் ஊரையே காலி செய்து மேற்கே கிளம்பும் சமயத்தில், கோதுமை அறுக்கப் போன பாலன்டைனையும் இன்னும் சிலரையும் கும்பல் பிடித்துக்கொண்டு போய் ஏறக்குறைய இரண்டு வாரம் காட்டுக்காடு இழுத்தடிக்கிறது. இந்த அத்தியாயம் ஒன்றுக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று. எழுதியவர் இங்கே பிரசங்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நடந்ததை மட்டும் சொல்கிறார், ராத்திரியில் படித்தால் கீழே வைக்க முடியாது.

1848-ல், இன்றைக்கு யூட்டா மாநிலத்தில் இருக்கும் சால்ட் லேக் பள்ளத்தாக்கு போய்ச் சேர்கிறார். ஸ்மித்துக்குப் பின் சபையை நடத்திய பிரிகாம் யங் முதல் கூட்டத்தோடு வந்து இறங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பச்சைச் செங்கல்லில் வீடு கட்டி, பிள்ளைகள் உட்காரவென்றே ஓர் அறையை ஒதுக்கி, 1849 டிசம்பர் 9-ஆம் தேதி தன் வீட்டிலேயே சண்டே ஸ்கூல் ஆரம்பிக்கிறார். அந்தப் பள்ளத்தாக்கில் நடந்த முதல் ஞாயிறு பள்ளி அதுதான், ஏறக்குறைய 50 பிள்ளைகள். சபைக்குள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்வது இதற்காகத்தான். புத்தகமும் இதையே பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புகழ்கிறது, நான் கொஞ்சம் புரட்டித் தள்ளினேன்.

அப்புறம்தான் நம் கதை. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த கூட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் ஊழியத்துக்கு அனுப்புகிறார்கள். அதே கூட்டத்தில்தான், ஒருவர் பல மனைவியரைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் உண்டு என்று வெளிப்படையாக அறிவிக்கவும் செய்கிறார்கள். எதிர் முகாமுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்குமா? 1853 ஜனவரிக் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் மான்சூன் என்ற கப்பலில் இந்தியாவுக்கு 9 பேர், சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) 4 பேர் ஏறி மூன்று மாதம் கடலில் கிடந்து கல்கத்தா வருகிறார்கள். அங்கிருந்து பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் என்பவரோடு ஜூலையில் மெட்ராஸ் வந்து சேர்கிறார். அப்போது மெட்ராஸில் துறைமுகம் கிடையாது, கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலாப் படகில் அலையோடு மல்லுக்கட்டித்தான் கரையேற வேண்டும். இந்த விவரமெல்லாம் நாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியது, புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

என் குறையே அதுதான். மெட்ராஸில் அவர் இருந்தது ஒரு வருஷம். துண்டுப் பிரசுரம் அச்சடித்தார், 1854-ல் ஒரு மாதப் பத்திரிகைகூடக் கொண்டுவந்தார், ஆனாலும் சேர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், உடம்பும் கெட்டு அந்த ஜூலையிலேயே கிளம்பிவிட்டார். இவ்வளவையும் எழுதியவர் ஒன்பதே பக்கத்தில் முடித்துவிட்டு, வெயில், காய்ச்சல், எதிர்ப்பு என்று காரணம் சொல்லிக் கடந்துபோகிறார். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார், அவருடைய கோடும் மெட்ராஸுக்கு முந்தின பக்கத்தோடு நின்றுபோகிறது, அவருக்கும் இந்த அத்தியாயம் பிடிக்கவில்லை போல.

வெயில் மேல் மட்டும் பழி போட்டால் எப்படி? இந்த ஊழியக்காரர்கள் வேதத்தில் சொன்னபடி பணப்பையும் சாமான்பையும் இல்லாமல் வந்தவர்கள், போகிற இடத்தில் யாராவது வீட்டில் இடமும் சோறும் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் அது நடக்கும். கம்பெனி ஆட்சி மெட்ராஸில், வெள்ளைக்காரன் கையில் காசில்லாமல் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் நின்றால் வெள்ளைக்காரர்களே முகம் சுளிப்பார்கள், மற்றவர்களுக்கு அவரை எந்த வரிசையில் வைப்பதென்றே புரிந்திருக்காது. பேசியது இங்கிலீஷில், அதுவும் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமும் மற்ற வெள்ளைக்காரர்களிடமும். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால், 1706-ல், தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு முதல் வேலையாகத் தமிழ் படிக்க உட்கார்ந்தார், பத்து வருஷத்துக்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. பாலன்டைன் தமிழ் எழுத்து ஒன்றாவது கற்றுக்கொண்டாரா என்று இந்தப் புத்தகத்தில் தேடினேன், அந்தக் கேள்வியே எழுதியவருக்கு வரவில்லை.

இதே மனிதர் 1855-ல் என்ன செய்தார் என்று பார்த்தால்தான் இந்த இடைவெளி உறுத்துகிறது. மெட்ராஸிலிருந்து இங்கிலாந்து போய், லிவர்பூலில் சபையாரைக் கூட்டிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டி, பிறகு மிசௌரி ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 400 பேரை மாட்டுக் கூண்டு வண்டிகளில் ஆயிரம் மைலுக்கு மேல் நடத்தி, செப்டம்பர் 25-ஆம் தேதி சால்ட் லேக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வீடு வந்திருக்கிறார். கூடவே நடக்கத் தயாராக இருக்கும் ஜனம் இருந்தால் அவரைப் போல் நடத்த ஆள் கிடையாது, ஜனமே இல்லாத இடத்தில் முதல் ஆளைத் தேடிப்பிடிப்பது வேறு கலை. இது என் கணக்கு, புத்தகம் இப்படிச் சொல்லவில்லை.

பிற்பகுதி யூட்டாவிலேயே ஆக்டன் என்ற ஊரில் ஓடுகிறது. வியாபாரம், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகத்தில் பொறுப்பு, பத்திரிகை நடத்தியது, மறுபடியும் ஞாயிறு பள்ளி, 1898-ல் சாவு. மூன்று மனைவியர் என்பதை ஒரு பத்தியில் மெல்ல நழுவவிடுகிறார்கள், அந்தப் பெண்கள் ஒருவரும் வாய் திறப்பதில்லை, அவர் மெட்ராஸில் இருந்த காலத்தில் வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிச் சமாளித்தாள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் கிடைக்காது. பக்திப் புத்தகம், அந்தக் கணக்கில்தான் படிக்க வேண்டும். கும்பல் பிடித்துப்போன கதைக்கும் கூண்டு வண்டிப் பயணத்துக்கும் நான்கு நட்சத்திரம், மெட்ராஸுக்கு ஒன்று.

கடைக்கு நான்கரை தாராளமாகக் கொடுக்கலாம். அரை குறைத்தது தூசிக்கு, தும்மல் ஆசாமிகள் கர்ச்சீப் கட்டிக்கொண்டு போங்கள். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை பூட்டியிருக்கும். பிரெஞ்சுப் புத்தகங்கள் உள் அறையில் தரையில் கிடக்கின்றன, விலை கேட்டால் கையில் தூக்கிப் பார்த்துத்தான் சொல்வார், அதிலும் பேரம் பேசலாம். பில் கிடையாது, ஜிபே உண்டு.