சைக்கிளை ஆம்னி பஸ் டிக்கியில் போடும் முன்

சைக்கிள் டூரை எங்கே முடித்தாலும், திரும்பி வரும்போது ஆம்னி பஸ் டிக்கியில் வண்டியைப் போட்டுத் திருநெல்வேலிக்கு வந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இறங்க வேண்டிய என் சைக்கிள் நாகர்கோவிலில் இறங்கியது. இறங்கும்போது உருட்டக்கூட முடியாத நிலையில் இருந்தது.

எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. வீட்டு வாசலில் இருந்து புறப்பட்டு தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூரில் இறங்கி, ஆலப்புழை, கொச்சி, கோழிக்கோடு என்று மேலே போனேன். தாமரச்சேரிச் சுரத்தின் ஒன்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி வயநாடு, பந்திப்பூர்க் காடு, மைசூரு, கடைசியாகப் பெங்களூரு. 12 நாள், 840 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பஞ்சர், ஒரு நாள் காய்ச்சல். மற்றபடி வண்டி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

திரும்பி வருவதைப் பற்றி மட்டும் புறப்படும் முன் யோசிக்காமல் விட்டேன். பெங்களூரு – நாகர்கோவில் ரயில் நெல்லை வழியாகத்தான் வருகிறது. ஆனால் பொங்கல் நேரம், வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை. அதனால் பஸ். விடியற்காலையில் வண்ணார்பேட்டையில் இறங்கி, முன் சக்கரத்தை மாட்டி, பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று கடைசி 35 கிலோமீட்டரையும் மிதித்தே வீட்டுக்குப் போவது என்று முடிவு பண்ணினேன். பிசானப் பருவ நெற்பயிர் இருபக்கமும் பச்சையாக நிற்கிற நேரம். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஊருக்குள் நுழைய வேண்டும் என்பதுதான் அந்த 12 நாளும் மனதில் இருந்த ஆசை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், "எட்டரைக்கு வந்துருவேம்மா, இட்லி ஊத்தி வையுங்க" என்று.

டிக்கெட் எடுக்கும் முன் பஸ்காரர்களின் புக்கிங் ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

"சைக்கிள் ஏத்துவீங்களா?"

"தாராளமா ஏத்தலாம் சார். ஐநூறு ரூபா குடுத்துருங்க."

"ரசீது தருவீங்களா?"

"அதெல்லாம் பையன் பாத்துக்குவான் சார்."

அந்தக் கடைசிப் பதிலிலேயே நான் விலகியிருக்க வேண்டும். 1,350 ரூபாய்க்கு ஸ்லீப்பர் எடுத்தேன்.

பெங்களூரு மடிவாளாவில் ஒன்பது மணிக்கு வர வேண்டிய பஸ் பத்தேகாலுக்கு வந்தது. டிக்கியைத் திறந்தால் உள்ளே ஏற்கெனவே பாதி நிறைய பார்சல் மூட்டைகள். கிளீனர் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "இத யாரு ஏத்தச் சொன்னா? 1,500 ஆவும்ணே" என்றார். ஆபீசில் 500 என்று சொன்னார்கள் என்றேன். "அப்பம் அவங்கிட்ட ஏத்திக்கிடுங்க." டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், ஜன்னல் எல்லாம் ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கடைசியில் 1,200க்கு இறங்கினார். கொடுத்தேன்.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். போனில் ஒரு விலை, பஸ் படியில் வேறு விலை என்பது அன்றைக்கு ராத்திரி எனக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை. வேண்டாம் என்று நான் இறங்கியிருந்தால் சீட்டுக் காசும் போய், ராத்திரி பத்தரை மணிக்கு மடிவாளா ரோட்டில் சைக்கிளும் பையுமாக நிற்க வேண்டும். அது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விலையைப் பேசும் நேரத்தை அவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னொன்று, அந்த 1,200ஐ ஜிபேயில் அனுப்பச் சொன்னது கிளீனரின் சொந்த நம்பருக்கு. கம்பெனி பெயருக்கு ஒரு பைசா போகவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

முன் சக்கரத்தைக் கழற்றி ஃபிரேமோடு சேர்த்துக் கட்டினேன். போர்வையைச் சுற்றினேன். கியர் இருக்கும் பக்கம் மேலே வரட்டும், மேலே எதையும் வைக்காதீர்கள் என்று சொன்னேன். "நீங்க ஏறுங்கண்ணே, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஏறிவிட்டேன். எங்கே, எப்படி வைத்தார் என்று நின்று பார்க்கவில்லை.

என் பெர்த் டிக்கிக்கு நேர் மேலே. ஓசூரில் நின்றது, பிறகு இன்னும் இரண்டு இடத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் கீழே கதவு திறக்கும் சத்தம், எதையோ தூக்கிப் போடும் சத்தம். சரக்கு இறக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் வண்ணார்பேட்டை பைபாஸ். பையோடு குதித்து டிக்கி பக்கம் போனேன். கிளீனர் பாதி மட்டும் திறந்து காட்டினார்.

"அண்ணே, சைக்கிள் அடியில கெடக்கு. மேல பூரா நாகர்கோயில் சரக்கு. அங்க வந்துதான் எடுக்க முடியும்."

"நான் டிக்கெட் போட்டது திருநவேலிக்கு அண்ணாச்சி. இங்கன எறக்கித் தாங்க."

"எப்படி எறக்க? ஒரு மணி நேரம் ஆவும். ஒண்ணு நீங்க நாகர்கோயிலுக்கு வாங்க, இல்லன்னா பொறவு வந்து எடுத்துக்கிடுங்க."

போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். ஹேண்டில்பாரில் நான் சுற்றியிருந்த நீல டேப் ஒரு முழம் மட்டும் இரண்டு மூட்டைக்கு நடுவே தெரிந்தது. பின் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் மரச்சட்டம் அடித்த ஒரு தண்ணீர் மோட்டார் உட்கார்ந்திருந்தது. ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைப் பிடித்து விலக்கினார். டிரைவர் மேலே இருந்து சத்தம் போட்டார்.

வண்டியை விட்டுப் பிரிய மனசு வரவில்லை. திரும்ப ஏறினேன். நாங்குநேரி தாண்டும்போது கிளீனர் வந்து, நாகர்கோவில் வரைக்கும் 200 ரூபாய் டிக்கெட் என்றார். அதையும் கொடுத்தேன். வள்ளியூர், காவல்கிணறு, முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் வெயிலில் கண்முன் போகின்றன. அந்நேரம் நான் பத்தமடை தாண்டி மிதித்துக்கொண்டிருக்க வேண்டியவன்.

நாகர்கோவில் ஆபீசில் இறக்குகூலி 300. போர்வையைப் பிரித்தேன். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கமாக மடங்கி, கியர், பின் சக்கரக் கம்பிக்குள் நுழைந்து மூன்று கம்பி அறுந்திருந்தது. டிஸ்க் பிரேக் தட்டு வளைந்து போயிருந்தது. பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஒரு முழுச் சுற்று வரவில்லை, பாதியிலேயே ஃபிரேமில் இடித்து நின்றுவிட்டது.

ஆபீசில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "ரசீது இருக்கா?"

"டிக்கெட் இருக்கு."

"அது ஒங்களுக்கு. சைக்கிளுக்கு?"

என்னிடம் பதில் இல்லை.

அங்கிருந்து வீட்டுக்கு வந்த கதையில் ஒரு நல்ல மனிதரைச் சொல்ல வேண்டும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் முதல் அரசு பஸ் கண்டக்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். அடுத்தவர், "கூட்டம் இல்ல, பின்னால நிறுத்திப் பிடிச்சிக்கிடுங்க" என்று ஏற்றிக்கொண்டு, சைக்கிளுக்குச் சுமை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார். திருநெல்வேலி வரைக்கும். அந்தச் சின்னச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன். வேய்ந்தான்குளத்தில் இறங்கி, நண்பன் ஒருவன் கொண்டுவந்த லோடு ஆட்டோவில் ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. அம்மா இட்லியை எடுத்து வைத்துவிட்டுச் சோறு வடித்திருந்தார்கள். சைக்கிளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, கையைக் கழுவிட்டு வா என்று மட்டும் சொன்னார்கள்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு பெரியவர்தான் கோட்டம் எடுத்து, கம்பி போட்டுச் சரி பண்ணினார். ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு மாதிரி, இங்கே கிடைக்கவில்லை. சென்னையில் இருந்து வரவழைக்க ஒன்பது நாள் ஆனது. எல்லாம் சேர்த்து 3,650 ரூபாய். நீண்ட டூர் போகிறவர்கள் தங்கள் மாடல் ஹேங்கர் ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். ஃபிரேம் உடையாமல் இருக்க முதலில் வளையட்டும் என்று செய்த பாகம் அது.

பிறகு ஒரு நாள், ரயிலில் சைக்கிளைக் கொண்டுவருவது எப்படி என்று நெல்லை ஜங்ஷன் பார்சல் ஆபீசுக்கே போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் பொறுமையாக விளக்கினார். சைக்கிளை எந்த வகுப்பு டிக்கெட்டிலும் இலவச லக்கேஜாகக் கொண்டுபோக முடியாது, புக் பண்ண வேண்டும். கையில் டிக்கெட் இருந்தால் அதைக் காட்டி லக்கேஜாக புக் பண்ணலாம், நீங்கள் போகும் அதே ரயிலில் சாமான் ஏற்றும் பெட்டியான பிரேக் வேனில் வரும். டிக்கெட் இல்லாமல் அனுப்பினால் அது பார்சல், இடம் இருக்கும் ரயிலில்தான் ஏறும். குறைந்தது அரை மணி நேரம் முன்னால் ஆபீசில் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள் என்பது என் பேச்சு. கட்டிக் கொடுக்கிற ஆட்கள் வெளியே இருப்பார்கள், கூலியை முதலில் பேசிக்கொள்ளுங்கள். பெயர், போன் நம்பர், எங்கிருந்து எங்கே என்பதைப் பெரிய எழுத்தில் இரண்டு இடத்தில் எழுதி ஒட்டுங்கள். வண்டி வேனில் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு உங்கள் பெட்டிக்குப் போங்கள்.

ரயிலும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். மதிப்பைச் சொல்லாமல் புக் பண்ணிய லக்கேஜ் தொலைந்தால், ரயில்வே பொறுப்பேற்கும் உச்சத் தொகை கிலோவுக்கு 100 ரூபாய். என் வண்டி 15 கிலோ, அப்படியென்றால் 1,500 ரூபாய். விலை கூடிய சைக்கிள் என்றால் புக் பண்ணும்போதே மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். இன்னொரு ஆபத்து, நெல்லையில் சில நிமிஷம் மட்டும் நின்று நாகர்கோவில் போகிற ரயிலில் சாமான் இறக்காமல் கொண்டுபோய்விட வாய்ப்பு உண்டு. ரயிலானாலும் பஸ்ஸானாலும் நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை பொது. அதனால் நெல்லையிலேயே முடியும் ரயிலாகப் பார்ப்பது நல்லது. சென்னையில் டூரை முடித்தால் நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அடுத்த தடவை நான் முடிக்கும் ஊரையே இதை வைத்துத்தான் தீர்மானிப்பேன். அதோடு, பொங்கல், தீபாவளிக்கு முந்தின வாரம் திரும்புகிற மாதிரி டூர் போடவே கூடாது.

கட்டும் விதமும் முக்கியம். எந்த ஊரானாலும் சைக்கிள் கடையில் புது வண்டி வந்த அட்டைப்பெட்டி கிடக்கும், இரண்டு நாள் முன்பே கேட்டு வையுங்கள். பெடலைக் கழற்றுங்கள். இடது பெடலின் திருகு மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பதை மறந்து பலர் மரையை நாசமாக்குகிறார்கள். சக்கரம் கழற்றிய ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வைத்துக் கட்டுங்கள், அமுங்காது. டிஸ்க் பிரேக் கட்டைகளுக்கு நடுவே மடித்த அட்டை வையுங்கள். பின் கியரை ஹேங்கரில் இருந்து கழற்றி, துணி சுற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிட்டால் என் வண்டிக்கு வந்த சேதத்தில் பாதி வந்திருக்காது. லைட், பம்ப், பாட்டில் எல்லாம் உங்கள் பையில் இருக்கட்டும்.

வேறு வழியே இல்லாமல் பஸ்தான் என்றால், பஸ் கடைசியாக எந்த ஊருக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள். நெல்லை தாண்டிப் போகும் பஸ் வேண்டாம். சைக்கிளுக்குத் தனி ரசீது, அதில் இறங்கும் ஊர், கம்பெனி கணக்குக்குப் பணம். இந்த மூன்றில் ஒன்றுக்கு முடியாது என்றால் ஏறாதீர்கள். டிக்கிக்குள் வைத்த பிறகு, பஸ் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள்.

தற்செயலாக எடுத்த அப்படி ஒரு போட்டோவால்தான் எனக்குக் கொஞ்சமாவது திரும்பக் கிடைத்தது. டிக்கெட் புக் பண்ணிய ஆப் கஸ்டமர் கேர், சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். 1915க்குப் போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவு செய்தேன். மூன்று வாரம் கழித்து கம்பெனியிடம் இருந்து பதில் வந்தது, அன்றைய பஸ்ஸில் சைக்கிள் எதுவும் ஏற்றப்படவில்லை என்று. மடிவாளாவில் டூர் முடிந்த ஞாபகத்துக்கு எடுத்த ஒரு போட்டோவில் சைக்கிளும் பஸ் நம்பரும் சேர்ந்து விழுந்திருந்தது. அதையும், ஜிபே விவரத்தையும், மறுநாள் காலை நாகர்கோவிலில் இருந்து சைக்கிள் திரும்பியதற்கு அரசு பஸ் கண்டக்டர் கொடுத்த சுமை டிக்கெட்டையும் அனுப்பினேன். அதற்குப் பிறகு 1,200 ரூபாய் திரும்ப வந்தது.

ரிப்பேர் செலவு, இறக்குகூலி, நாகர்கோவில் டிக்கெட் சேர்த்து 4,150 இன்னும் பாக்கி. திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். மனு தயார். சைக்கிளைச் சரி பண்ணிய அம்பாசமுத்திரம் பெரியவர் கொடுத்த பில்லில் தேதி விட்டுப்போயிருந்தது, அதை எழுதி வாங்க நாளைக்குப் போகிறேன். சைக்கிளில்தான்.