குழாய்வழி வரைபடச் சுருக்கக் குறிகள்: ஒரு கையேட்டின் மதிப்புரை

நில அளவைப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்குக் குழாய்வழி வரைபடம் படிக்கக் கற்றுத் தரும் பொறுப்பு எனக்கு இருப்பதால், சுருக்கக் குறிகளை விளக்கும் இந்தச் சிறு கையேட்டை வாங்கி ஆறு மாதமாகத் தளத்தில் கூடவே வைத்திருக்கிறேன். இதன் மட்டங்கள் பற்றிய பகுதிக்காகவே இதை வாங்கலாம்.

டி.ஓ.பி. என்பது குழாயின் மேல்விளிம்பு மட்டம், பி.ஓ.பி. என்பது அடிவிளிம்பு மட்டம், ஐ.எல். என்பது குழாயின் உட்புற அடி மட்டம் என்று சொல்வதோடு நூல் நின்றுவிடவில்லை. குறுக்குவெட்டுப் படம் ஒன்றைப் போட்டு, மூன்றையும் ஒரே குழாயில் காட்டுகிறது. வகுப்பில் அந்தப் படத்தின்மேல் நான் எண்களை எழுதிக்கொள்கிறேன். வெளிவிட்டம் 610 மி.மீ., சுவர்த் தடிமன் 12.7 மி.மீ. உள்ள குழாயின் மேல்விளிம்பு 101.500 மீட்டரில் இருந்தால், அடிவிளிம்பு 100.890, உட்புற அடி 100.903. இயற்கைத் தரைமட்டமான என்.ஜி.எல். 102.700 எனில், குழாயின் மேல் மண்மூடல் 1.200 மீட்டர். பி.ஓ.பி. என்ற இடத்தில் டி.ஓ.பி. என்று படித்துவிட்டால் பள்ளம் 610 மி.மீ. கூடுதல் ஆழத்துக்குப் போய்விடும் என்பதை இந்தக் கணக்கைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

பி.ஐ. எனும் வெட்டுப்புள்ளி பற்றிய விளக்கமும் நன்று. இரு நேர்கோடுகளை நீட்டினால் அவை சந்திக்கும் இடமே அது. வளைத்த குழாய் அந்தப் புள்ளியைத் தொடாமல் உட்பக்கமாகத் திரும்பிச் செல்வதால், பி.ஐ. முளையைக் குழாயின் மையம் என்று எண்ணித் தோண்டக் கூடாது.

குறைகளில் பெரியது, ஒவ்வொரு குறிக்கும் ஒரே ஒரு விரிவைத் தருவது. டி.பி. என்றால் மட்டமளவையில் கருவியை இடம் மாற்றும்போது பயன்படும் மாறுபுள்ளி என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். குழாய் செல்லும் வழித்தடத்தைக் காட்டும் அலைன்மென்ட் ஷீட்டில் அதே எழுத்துகள் அரிமானத் தடுப்புக்கான சோதனைக் கம்பத்தைக் குறிக்கலாம். வளைவு விவரத்தில் தொடுபுள்ளியாகவும் இருக்கலாம். எது சரி என்பதை அந்தந்த வரைபடத்தின் குறிவிளக்கக் கட்டமே தீர்மானிக்கும். முதல் பக்கத்தில் சொல்ல வேண்டிய இதைக் கடைசிப் பக்கத்தின் அடிக்குறிப்பில் வைத்தது எனக்கு வருத்தமே.

செயினேஜ், அதாவது தொடக்கப் புள்ளியிலிருந்து வழித்தடம் நெடுக அளந்த தூரம், பற்றிய பகுதியும் மெலிந்திருக்கிறது. 12+450 என்பது மெட்ரிக் வரைபடத்தில் 12 கி.மீ. 450 மீட்டர்; அடிக்கணக்கு வரைபடத்தில் 12+50 என்பது 1,250 அடி. இந்த வேறுபாடு நூலில் இல்லை. வழித்தடம் மாறிய இடத்தில், அதுவரை வந்த அளவை பி.கே. (பின்) என்றும் அங்கிருந்து தொடரும் அளவை ஏ.எச். (முன்) என்றும் குறித்து, பி.கே. 18+240 = ஏ.எச். 18+200 என எழுதும் சமன்பாடும் இல்லை. அங்கே பாதை 40 மீட்டர் நீண்டிருக்கிறது. 18+200 முதல் 18+240 வரையிலான எண்கள் இருமுறை வரும். இதை அறியாதவர் 18+220 இல் முளை அடிக்கப் போனால், எந்த 18+220 என்று யாரிடம் கேட்பார்?

அச்சும் தாளும் குறை சொல்லும்படி இல்லை. மழையில் நனைந்தும் எழுத்து கலையவில்லை. வாங்குபவர்கள் பின்னட்டையின் உட்புற வெற்றிடத்தில், தாங்கள் வேலை செய்யும் வரைபடத் தொகுதியின் குறிவிளக்கத் தாள் எண்ணை முதலில் எழுதிக்கொண்டு, அதன்பின் நூலைத் திறப்பது நல்லது.