வீட்டு நாம்பனா, பட்டி நாம்பனா?

எங்கள் பசுக்களுக்கு நாம்பன், அதாவது சினைப்படுத்தும் காளை, தேடியபோது மட்டக்களப்பில் இரண்டு அகப்பட்டன. ஒன்று கொக்கட்டிச்சோலையில் ஒரு வீட்டு முற்றத்தில் போத்தல் பால் குடித்து வளர்ந்த ஜேர்சிக் கலப்பு. கூப்பிட்டால் வரும், கழுத்தைச் சொறியக் கொடுக்கும். மற்றது மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் மேய்ந்த மாட்டுப் பட்டியில் நின்ற நாட்டு நாம்பன். பதினைந்து அடி கிட்டப் போனாலே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலகிவிடும்.

மச்சானுக்கு வீட்டு நாம்பன்தான் பிடித்தது. “ஆட்டுக்குட்டி மாதிரி நிக்குது, பாருங்க” என்றார். எனக்குப் பயமே அதனால்தான்.

கன்றிலிருந்து மனிதரோடு மட்டும் வளர்ந்த நாம்பன் மனிதரையும் தன் கூட்டமாகவே எண்ணும். ஒன்றரை, இரண்டு வயதில் பலம் பார்க்க ஆள் தேடும்போது வீட்டுக்காரர்தான் கிட்ட நிற்பார். பட்டியில் வளர்ந்தது அந்த முட்டலையெல்லாம் தன் இனத்தோடு முட்டி முடித்திருக்கும். ஆளைக் கண்டால் அது விலகுகிற அந்தப் பதினைந்து அடிதான் நமக்கு வேலி. இனத்தையும் பார்க்கவேண்டும்: ஜேர்சி போன்ற பால் இன நாம்பன்கள் முட்டுவதில் பெயர் போனவை.

அந்த முற்றத்தில் பிள்ளைகள் அதன் நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடினார்கள். கன்றாக இருந்தபோது தொடங்கிய விளையாட்டாம். நான் வாளியோடு கிட்டப் போனேன். அது பக்கவாட்டில் திரும்பி நின்றது. முதுகு வளைந்து, கழுத்துத் தடித்து, தலை தாழ்ந்து, கண் மட்டும் என்மேல். “வடிவு காட்டுது” என்றார் வீட்டுக்காரர். வடிவா அது? தன் பருமனைக் காட்டி மிரட்டுகிறது. அடுத்தது முன்னங்காலால் மண் வாரும், கொம்பால் நிலத்தைக் கிளறும். அப்போது முதுகு காட்டி ஓடக்கூடாது. கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்து வேலிக்கு வெளியே போய்விடவேண்டும். நானும் அப்படியே நடந்து, மாட்டுக்கொட்டில் கம்பத்தில் முட்டி நின்றேன். (என் சிவப்புச் சாரத்தைக் குறை சொன்னார்கள். மாட்டுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது.)

வீட்டு நாம்பனுக்கு மூக்கணாங்கயிறு ஏற்கெனவே போட்டிருந்தது. அது வசதிதான், ஆனால் கயிறு குணத்தை மாற்றாது. பட்டி நாம்பனை இரண்டு பக்கமும் இரண்டு கயிறு, ஆளுக்கொன்றாகப் பிடித்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒருவர்மேல் பாயப் போனால் மற்றவர் இழுத்துப் பிடிக்கலாம். அதுவும் சாது என்று சொல்லமாட்டேன். வேட்கையில், அதாவது காளை தேடும் பருவத்தில், நிற்கும் பசுவுக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றால் எந்த நாம்பனும் ஒன்றுதான்.

நாம்பனே வேண்டாம், சினை ஊசி போடலாம் என்பாரும் உண்டு. கட்டி வளர்க்கும் நாலு பசுவுக்குச் சரி. ஆனால் வேட்கை 21 நாளுக்கு ஒருமுறைதான் வரும், முக்கால் நாள்கூட நிற்காது. காலையில் கண்டால் பின்னேரத்துக்குள் ஊசி போடவேண்டும். வெள்ளாண்மை (நெல்) காலத்தில் மேய்ச்சல் தரைக்குச் சாய்த்த பட்டியில் அதை யார் பார்த்துக்கொண்டு நிற்பது?

பட்டி நாம்பனைத்தான் வாங்கினோம். எட்டு மாதமாகிறது, இன்னும் பதினைந்து அடி தள்ளித்தான் நிற்கிறது. சொறியக் கொடுக்குதில்லை என்று மச்சானுக்கு மனக்குறை.