ஆட்டோமேட்டிக் காரில் எஸ், எல்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

சென்னையில் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறவர்களில் பலர் கியர் லீவரை டி-யில் (டிரைவ், சாதாரண ஓட்டம்) போட்டால் அதோடு சரி, கீழே இருக்கும் எஸ் (ஸ்போர்ட்), எல் (லோ, தாழ்ந்த கியர்) பக்கம் போவதே இல்லை. சமதளமான ஊர், தேவையும் அதிகம் வராது. ஆனால் குடும்பத்தோடு மலைக்குப் போகிறவர்கள் எல்-ஐப் பழகாமல் இருக்கவே கூடாது. 1.2 லிட்டர் பெட்ரோல் சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) காரைச் சில வருடங்களாக ஓட்டிவரும் எனக்கு இதில் இரண்டு கருத்து கிடையாது.

முதலில் எஸ். சிவிடியில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் முன்னால் ஏறும், வண்டி கொஞ்சம் தாமதித்துத்தான் கிளம்பும். எஸ்-இல் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏற்கெனவே உயர்ந்து நிற்பதால் அந்தத் தாமதம் குறைகிறது. இன்ஜினின் சக்தி கூடிவிடாது. இருப்பது சீக்கிரம் கிடைக்கும். மதுரவாயல் பைபாஸில் லாரிகளுக்கு நடுவே போய்ச் சேரும்போது இது பெரிய தைரியம். வேலை முடிந்ததும் டி-க்குத் திரும்பிவிடுவேன். வடபழனி நெரிசலில் எஸ் வேண்டவே வேண்டாம். காலை எடுத்த உடனே வண்டி வெடுக்கென்று பிடிக்கும், பெட்ரோலும் வீண்.

எல்-இன் அருமை ஏலகிரியிலிருந்து இறங்கும்போது தெரியும். 14 கொண்டை ஊசி வளைவுகள். டி-யில் இறங்கினால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், கால் பிரேக்கை விட்டு எழாது. தொடர்ந்து அழுத்தினால் பிரேக் பேட் சூடாகிப் பிடிமானம் குறையும். பழைய பிரேக் ஆயில் ஈரம் ஏறி இருந்தால் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். முன்னால் போகும் காரிலிருந்து வரும் கருகல் வாடை பல தடவை மூக்கில் ஏறியிருக்கிறது.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து எல்-இல் போட்டுவிடுவேன். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்; ஆர்பிஎம் முள் மேலே ஏறும், இன்ஜின் உறுமும். புதிதாக உட்காருகிறவர்கள் பயந்துபோய்க் கேட்பார்கள். சிவப்புக் கோட்டைத் தொடாதவரை இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. காலை எடுத்துவிட்டு இப்படி இறங்கும்போது இப்போதைய இன்ஜின்கள் பெட்ரோலை நிறுத்திவிடும்; சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. அதனால் மைலேஜ் கவலையும் வேண்டாம். மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும், இன்ஜினின் பிடிமானமும் போய்விடும்.

எல் இல்லாத வண்டியா? மேனுவல் மோடில் 2-க்கோ 1-க்கோ இறக்குங்கள், அதே பலன். மால்களின் செங்குத்தான பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவில் இதைப் பழகிப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். எல்-இல் வண்டி தானாக வேகம் குறையும்போது பொதுவாகப் பின்னால் பிரேக் லைட் எரியாது. யாராவது ஒட்டி வந்தால், வளைவுக்கு முன் பெடலை லேசாகத் தொட்டு சிவப்பு விளக்கைக் காட்டிவிடுங்கள்.