விஆர் ஹெட்செட்டில் வீணை வகுப்பு: மூன்று மாத அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் இருந்துகொண்டு வீணை கற்பது லேசான காரியம் இல்லை. ராமநாதபுரம் ‘பூச்சி’ சீனிவாச ஐயங்கார், ராம்நாட் கிருஷ்ணன் என்று ராமநாதபுரத்தின் பெயரோடு அறியப்பட்ட கர்நாடக இசைப் பாடகர்கள் இருந்த சீமை இது, ஆனாலும் எனக்கு வாய்த்த டீச்சர் சென்னையில்தான் இருக்கிறார். இரண்டு வருடம் வீடியோ காலில் படித்தேன், இப்போது மூன்று மாதமாக அவரிடமே விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் மாட்டிக்கொண்டு. நடத்தும் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, நான் சொல்லும் குறைகள் இந்தத் தொழில்நுட்பத்துக்கே உரியவை.

முதலில் நல்லது. என் வீணை கண்ணெதிரே அப்படியே தெரியும், டீச்சர் ஆள் உயரத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். வீடியோ காலில் அவர் வலது கைச் சுண்டுவிரல் பக்கவாட்டில் இருக்கும் தாளத் தந்திகள் மூன்றையும் எப்படி மீட்டுகிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. இங்கே நகர்ந்துபோய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். மணிக்கட்டு அசையவே இல்லை, சுண்டுவிரல் மட்டும் மேல்நோக்கிப் போகிறது! நான் இத்தனை நாளும் கையையே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த ஒன்றுக்கே கட்டிய பணம் சரியாகப் போயிற்று.

ஆனால் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் இதில் வராது. ஆபோகி ராக வர்ணத்தில் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், வரும் இடத்தில் விரல் நகர்வது தெரிகிறது, தந்தியை எவ்வளவு அழுத்தி இழுக்கிறார் என்பது தெரிவதில்லை. நேரில் என்றால் என் விரல்மேல் அவர் விரலை வைத்து இழுத்துக் காட்டிவிடுவார். அப்புறம், பின்னணி இரைச்சலை நீக்கும் வசதியை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள், அது ஸ்வரம் நீண்டு ஒலிக்கும் கார்வையையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடுகிறது.

சேர்ந்து வாசிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒலி ஏறத்தாழ 30 மில்லி விநாடி தாமதமானாலே, அதாவது பத்து மீட்டர் தள்ளி இருப்பவர் வாசிப்பது காதுக்கு வந்துசேரும் நேரம், தாளம் இழுபட ஆரம்பிக்கும், இங்கே தாமதம் அதைவிடக் கூடுதல். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்க என்றுதான் வகுப்பு ஓடுகிறது.

வீணையில் விரல் வைக்கும் மெட்டுகளைக் குனிந்து பார்க்கும்போது ஹெட்செட் கனத்தில் கழுத்து வலிக்கும், வெயில் காலத்தில் நெற்றியில் வியர்வை ஊற்றும். ஆடியில் கச்சான் காற்று அடித்தால் கரண்ட் போகும், இன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதல் ஆறு மாதமாவது நேரில் படித்துவிட்டு வாருங்கள். நான் இதைத் தொடரப் போகிறேன். அடுத்த மாதம் சேது எக்ஸ்பிரஸில் சென்னைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், அந்தக் காந்தாரத்துக்காக மட்டும் ஒரு வாரம்.